பிடிமானம்

அம்மாயிக்கு முதலில் வந்தது வாய்ப்புண்தான். 2006 கோடை விடுமுறை. எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, அன்னூருக்குப் பக்கத்திலுள்ள அவள் ஊருக்குப் போயிருந்தேன். கம்மஞ்சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்து ஒரே மூச்சில் குடிப்பவள், ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"வாயெல்லாம் வெந்து கெடக்குது கண்ணு. ஒடம்புச் சூடு. வேறொண்ணுமில்ல."

மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், நெய் என்று எல்லாம் பார்த்தாயிற்று. புண் ஆறவில்லை. ஆவணி வாக்கில் நெஞ்சிலும் முதுகிலும் நீர்க்கொப்புளங்கள் கிளம்பின. சேலை உரசினாலே உடைந்துவிடும் அளவுக்கு மெல்லிய தோல். உடைந்த இடம் பச்சைப் புண்ணாக நின்றது. ஊரில் பார்த்தவர்கள் எல்லாரும் அக்கி என்றார்கள். அக்கிக்கு எங்கள் பக்கம் குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்வார்கள். செங்காவியைக் குழைத்துப் புண்ணைச் சுற்றி எழுதிவிடுவார் ஒரு தாத்தா. மூன்று நாள் எழுதினார். நான்காம் நாள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"இது அக்கி இல்லீங் அம்மிணி. அக்கியின்னா ஒரு பக்கமா நிக்கும். இது ஒடம்பு பூரா ஓடுது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

எங்கள் குடும்பத்துக்கு அந்த நோயைப் பற்றிச் சரியான வார்த்தையை முதலில் சொன்னவர் அவர்தான். தன் கையிலிருக்கும் கருவி எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை நான் புரிந்துகொள்ளப் பன்னிரண்டு வருடம் ஆனது.

*

கோவை பெரியாஸ்பத்திரியில் அம்மாயியை வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள். துணியில் படுத்தால் புண் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும். அப்புச்சி தினமும் காலையில் தோட்டத்திலிருந்து இலை அறுத்துக் கட்டிக்கொண்டு அன்னூர் பஸ்ஸில் வருவார். கல்யாணத்துக்கு இலை கொண்டுபோகிறவர் என்று நினைத்துக் கண்டக்டர் யார் வீட்டு விசேஷம் என்று கேட்டதாக, பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வார். அன்றைக்கு அவர் சிரித்திருக்க மாட்டார்.

டாக்டர் நல்ல தோல் இருந்த இடமாகப் பார்த்து விரலால் மெல்லத் தேய்த்தார். மேல்தோல் நகர்ந்தது. அம்மா என் கண்ணைப் பொத்தினாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

நோயின் பெயர் பெம்ஃபிகஸ் வல்காரிஸ். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "பெம்பிசு" என்று அப்பா சொல்ல, அதுவே நிலைத்தது. மருந்துக்கு 28 நாள் கணக்கு. மூன்று நாள் தொடர்ச்சியாக டெக்சாமெத்தசோன் 100 மில்லிகிராம் டிரிப்ஸில் ஏறும். அதில் ஒருநாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேரும். பிறகு வீட்டுக்கு அனுப்புவார்கள். மறுபடி 28ஆம் நாள் வரவேண்டும். அம்மா தினசரிக் காலண்டரில் அந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருப்பாள். இந்த முறையை 1980களின் தொடக்கத்தில் டெல்லி எய்ம்ஸில் இருந்த டாக்டர் ஜே.எஸ். பஸ்ரிச்சா வகுத்தார் என்பதை, ஆராய்ச்சிக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1950களில் ஸ்டீராய்டு புழக்கத்துக்கு வரும் முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை. தோல் போனபின் உடம்பில் நீர் தங்காது, கிருமி உள்ளே போகும், அவ்வளவுதான்.

அம்மாயி பிழைத்தாள். ஒன்றரை வருடத்தில் புண்கள் ஆறின. முகம் ஸ்டீராய்டில் உப்பி, பிறகு வடிந்தது. ஆடுகளை மறுபடி ஓட்டிக்கொண்டு போனாள்.

*

நான் பயோடெக்னாலஜி எடுத்ததற்கு அம்மாயிதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எம்.பி.பி.எஸ். கட்ஆஃப் வரவில்லை. ஆனால் எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் ஒரு பாடப்புத்தகத்தின் பக்கத்தில் 'பெம்ஃபிகஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலண்டரின் சிவப்புச் சுழிகளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது அங்கே இரண்டு பத்திகளில் இருந்தது.

நம் உடம்பின் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. அந்தப் பிடிக்குச் சில புரதங்கள் கை மாதிரி வேலை செய்கின்றன. ஒரு செல்லின் கை பக்கத்துச் செல்லின் கையைக் கோத்துக்கொள்கிறது. இவற்றில் பெரிய குடும்பம் கேடரின். கால்சியம் இருந்தால்தான் இந்தக் கைகள் விறைத்து நின்று பிடிக்கும். தோலில் இந்தக் குடும்பத்தின் பங்காளியான டெஸ்மோக்ளீன் என்ற புரதம் இருக்கிறது. பெம்ஃபிகஸ் வந்தவர்களின் உடம்பு, கிருமியைப் பிடிக்கவேண்டிய ஆன்டிபாடியைத் தன் சொந்த டெஸ்மோக்ளீனுக்கு எதிராகவே உண்டாக்கிவிடுகிறது. ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொண்டால் செல்லின் கை விட்டுப்போகிறது. செல்லும் செல்லும் பிரிந்த இடத்தில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. அந்த ஆன்டிபாடி பிடிப்பது கேடரின் குடும்பத்துப் புரதத்தைத்தான் என்று 1991இல் அமகாய், ஸ்டான்லி குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

வாயில் ஏன் முதலில் வந்தது என்பதற்கும் பதில் இருந்தது. தோலில் டெஸ்மோக்ளீன் 1, டெஸ்மோக்ளீன் 3 என்று இரண்டு வகை உண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று ஓரளவு தாங்கும். வாயின் உட்பக்கம் கிட்டத்தட்ட மூன்றாவதை மட்டுமே நம்பி இருக்கிறது. ஆன்டிபாடி முதலில் அந்த மூன்றாவதைத்தான் தாக்கியது. உடம்புச் சூடும் இல்லை, வெயிலும் இல்லை.

*

கோவையிலேயே ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. சேர்ந்தேன். என் தலைப்பு தோல் நோய் அல்ல, மார்பகப் புற்றுநோய். ஆனால் புரதம் அதே குடும்பம். பெயர் ஈ-கேடரின். புற்றுச் செல் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி உடம்பில் பரவ வேண்டுமானால் முதலில் பக்கத்துச் செல்லின் கையை விடவேண்டும். பரவும் தன்மையுள்ள பல புற்றுச் செல்களில் ஈ-கேடரின் குறைந்தோ இல்லாமலோ போகிறது. ஏதாவது ஒரு மூலிகை அந்தப் புரதத்தைத் திரும்பக் கொண்டுவருமா? நாங்கள் எடுத்துக்கொண்டது ஆவாரை. அம்மாயி வீட்டு இட்டேறி ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே செடி.

ஈ-கேடரின் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதைப் பிடித்துக் காட்ட ஓர் ஆன்டிபாடி வேண்டும். அம்மாயியின் உடம்பில் தானாக உண்டான அதே வகைப் பொருளை, இங்கே ஒரு முயலுக்கோ எலிக்கோ அந்தப் புரதத்தை ஊசி போட்டு உண்டாக்கி, சுத்தம் செய்து, புட்டியில் அடைத்து விற்கிறார்கள். நூறு மைக்ரோலிட்டர். இரண்டு சொட்டு. விலை என் இரண்டு மாத உதவித்தொகை. தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் ஜெல் வைத்து வந்த அதைப் பிரிக்கும்போது ஆய்வகமே சுற்றி நின்றது.

இந்தப் புரதத்தைக் கண்டறிந்த கதையிலேயே ஆன்டிபாடிக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களில் மசதோஷி தகேய்ச்சி கியோட்டோவிலிருந்து அமெரிக்காவில் பால்டிமோருக்குப் போனார். ஊரில் ஒட்டிக்கொண்ட செல்கள் அங்கே ஒட்டவில்லை. தோண்டிப் பார்த்ததில், அங்கே செல்களைப் பிரிக்கப் பயன்படுத்திய டிரிப்சின் கரைசலில் கால்சியத்தை உறிஞ்சும் ஈ.டி.டி.ஏ. கலந்திருந்தது தெரிந்தது. கால்சியம் இருந்தால் மட்டும் தப்பிப் பிழைத்துச் செல்களை ஒட்டவைக்கும் புரதம் ஒன்று உண்டு என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. பிறகு அவர் குழு அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்றைத் தயாரித்தது. அதைச் செல்களின் மேல் விட்டதும் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றன. அப்படியானால் ஆன்டிபாடி பிடித்ததுதான் ஒட்டும் புரதம். 1984இல் அதற்குக் கேடரின் என்று பெயர் வைத்தார்கள்.

படித்துவிட்டு வெகுநேரம் ரோசித்துக்கொண்டிருந்தேன். கியோட்டோவில் ஒரு கண்ணாடித் தட்டில் வேண்டுமென்றே செய்து பார்த்ததுதான், அன்னூரில் ஒரு கிழவியின் முதுகில் தானாக நடந்திருக்கிறது.

*

முதல் ஆறு மாதத்தில் நல்ல முடிவு வந்தது. ஆவாரைச் சாறு போட்ட செல்களில் ஈ-கேடரின் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த கோடு. போடாதவற்றில் மெல்லிய கோடு. ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடியைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்களின் ஓரமெல்லாம் பச்சையாக மின்னியது. ஒரு கருத்தரங்கில் போஸ்டர் ஒட்டினேன். இரண்டாம் பரிசு. சோமனூரில் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்துச் சுவரில் அப்பா அந்தச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

2018 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாயிக்கு அந்தப் பச்சைப் படத்தை போனில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கொசுவலையாட்ட இருக்குது."

"ஆமா அம்மாயி. ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லைப் புடிச்சுட்டு நிக்குது. அந்தப் புடியத்தான் பச்சையாக் காட்டுது."

"என்ற ஒடம்புல அந்து போனது இதுதானா?"

"இதுக்குப் பங்காளி."

"ஆவாரம்பூப் போட்டா மறுபடி புடிச்சுக்குமாக்கும்?"

"அப்படித்தான் தெரியுது."

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நாலு கூடை பொறிச்சுப் போட்டிருப்பனே" என்றாள். பிறகு போனை வாங்கி, வந்த ஒறம்பரைக்கெல்லாம் காட்டினாள். அந்த வருடம் ஆடியில் தூக்கத்திலேயே இறந்துபோனாள். அதற்கும் பெம்ஃபிகஸுக்கும் சம்பந்தமில்லை. வயதுதான்.

*

கட்டுரை எழுதி முடித்து அனுப்பும் நிலையில் இருந்தோம். புராஜெக்ட் செய்ய வந்த எம்.எஸ்சி. பெண் ஒருத்திக்கு என் படங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அக்கா, இந்த எம்.டி.ஏ-எம்.பி-231 செல்லுல ஈ-கேடரினே இருக்காதுன்னுதானே படிச்சோம்? அப்ப மருந்து போடாத லேன்லயும் ஏனுங்க்கா லேசாக் கோடு தெரியுது?"

நான் "அது பேக்ரவுண்டு" என்றேன். எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த பதில்.

அன்றிரவு ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை. அந்தச் செல்களில் ஈ-கேடரின் மரபணுவே அடைக்கப்பட்டிருக்கிறது. கோடு மெல்லியதாகக்கூட வரக் கூடாது. வருகிறதென்றால் என் ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது. அந்த 'வேறு எதையோ'வைத்தான் ஆவாரை கூட்டியிருக்கலாம். ஈ-கேடரின் 120 கிலோடால்டன் அருகில் வரவேண்டும். என் கோடு அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தது. நான் அதை 120 என்றே எழுதி வைத்திருந்தேன். ஈ-கேடரின் நிறைய உள்ள எம்.சி.எஃப்-7 செல்லைப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் ஆரம்பத்தில். பிறகு ஆன்டிபாடியும் லேனும் மிச்சமாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னுடையது முயலில் தயாரித்த பாலிகுளோனல். அதாவது ஒரே புரதத்தின் பல இடங்களைப் பிடிக்கும் பல ஆன்டிபாடிகளின் கூட்டம். முயலுக்கு முயல் மாறும். கேடரின் குடும்பத்தில் பங்காளிகளுக்குள் முகச்சாயல் உண்டு. கூட்டத்தில் சிலது ஆள் மாறிப் பிடிக்கலாம். 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் எலியின் ஒரே ஒரு ஆன்டிபாடிச் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து, காலத்துக்கும் ஒரே மாதிரி ஆன்டிபாடி தரும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அது மோனோகுளோனல். அதிலும் தவறு வரும், ஆனால் அந்தத் தவறாவது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். 2015இல் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து 'நேச்சர்' இதழில், சந்தையிலிருக்கும் ஆன்டிபாடிகளில் எத்தனையோ சொன்னதைப் பிடிப்பதில்லை, அவற்றின் மரபுவரிசையை வெளிப்படையாக வைத்துத் தயாரிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரையை நான் செமினாரில் எடுத்துப் பேசியவள். கைதட்டல்கூட வாங்கினேன்.

மருத்துவமனைகளின் நோய்க்குறியியல் பிரிவில் இதே ஈ-கேடரின் ஆன்டிபாடி அன்றாடம் பயன்படுகிறது. மார்பகக் கட்டி லோபுலர் வகையா டக்டல் வகையா என்று பிரிக்கத் திசுவில் அதைப் போடுவார்கள். லோபுலர் வகையில் பெரும்பாலும் நிறம் ஏறாது. ஆனால் நிறம் ஏறவில்லை என்று எழுதும் முன், அதே கண்ணாடியில் பக்கத்திலிருக்கும் நல்ல பால்குழாயில் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கேயும் ஏறவில்லையென்றால் தப்பு கட்டியில் இல்லை, சாயத்தில். ஒரு பெண்ணின் சிகிச்சை அதில் நிற்கிறது, அதனால் பார்க்காமல் இருக்க முடியாது. என் வேலையில் நின்றது என் போஸ்டர் மட்டும்தான். அதனால் பார்க்காமல் இருக்க முடிந்தது.

*

வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "வேற ஆன்டிபாடில ஒருதடவ பாத்துரு. ஆனா வாங்கறதுக்குக் காசில்ல" என்றார். திட்டப் பணம் முடிந்து நான்கு மாதமாகியிருந்தது.

பெங்களூரில் ஓர் ஆய்வகத்திலிருந்த என் கல்லூரித் தோழி அவளுடைய மோனோகுளோனலில் பத்து மைக்ரோலிட்டர் தருவதாகச் சொன்னாள். ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. கூரியரை நம்ப முடியாது. ராத்திரி ஆம்னி பஸ் டிரைவரிடம் தெர்மக்கோல் பெட்டியைக் கொடுத்துவிட்டாள். விடியற்காலை சத்தி ரோட்டில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தேன். டிரைவர் பெட்டியைக் கையில் தரும்போது, "ஏனம்மிணி, ஊசி மருந்துங்களா? யாருக்கு முடியல?" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் "எங்க அம்மாயிக்குங்க" என்றுவிட்டேன். "வெசனப்படாதீங்க, செரியாயிரும்" என்றார்.

மூன்று லேன். எம்.சி.எஃப்-7, சாறு போடாத 231, சாறு போட்ட 231. குளிர் அறையில் ராத்திரி முழுக்க ஆன்டிபாடியில் ஊறவிட்டு மறுநாள் மதியம் படம் எடுத்தேன். எம்.சி.எஃப்-7இல் 120இல் நச்சென்று ஒரு கோடு. மற்ற இரண்டும் வெள்ளை. அவற்றில் புரதமே ஏற்றவில்லையோ என்று சந்தேகப்பட்டு ஆக்டினுக்குப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே அளவு. புரதம் இருந்தது, ஈ-கேடரின் மட்டும்தான் இல்லை. ஆவாரை எதையும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அந்த எம்.எஸ்சி. பெண் பின்னால் நின்றிருந்தாள். "சாரிங்க்கா" என்றாள், அவள் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி. "நீதான் காப்பாத்துன" என்றேன். அதை அப்போது முழு மனதோடு சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்குச் சொல்வேன்.

*

கட்டுரை அனுப்பப்படவில்லை. கருத்தரங்குக்காரர்களுக்கு, அந்த முடிவு தவறு என்று ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் சோமனூர் போய்ச் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றினேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த மட்டும் எளிமையாகச் சொன்னேன்.

"பாவுல ஒரு இழை அந்து போனதப் பாக்காம ஓட்டிட்டேங்கற."

"பாத்தேன்ப்பா. பாத்துட்டுத்தான் ஓட்டுனேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அறுந்த பாவு இழையைக் கட்டாமல் ஓட்டினால் துணி நெடுக ஒரு கோடு விழும். வாங்குகிறவன் விரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

"எத்தன மீட்டரு போச்சு?"

"எட்டு மாசம்."

"செரி. அதக் கழிச்சுப் போட்டுட்டு மறுபடி ஓட்டு" என்று சொல்லிவிட்டுத் தறியைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் பேச முடியாது.

என் ஆய்வேட்டில் அந்த எட்டு மாதம் ஓர் அத்தியாயமாக இருக்கிறது. எந்த ஆன்டிபாடி, எந்த லாட், எந்த லேனில் வரக்கூடாத கோடு வந்தது என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

அந்தப் பச்சைப் படம் இன்னும் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. அம்மாயி அதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். அது தவறு என்று அவளிடம் சொல்ல முடியாமல் போனதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொல்லியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். மூன்று நாள் எழுதிவிட்டு இது அக்கி இல்லை என்று சொன்ன அந்தத் தாத்தாவுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த வாரமே ஒரு படி ராகியும் வேட்டி ஒன்றும் கொடுத்துவிட்டவள் அவள்.